அண்ணன் மேல் வீசிய வாடை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, படிய வாரிய தலை. அண்ணியின் வற்புறுத்தலுக்காக ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம். அழுக்கில்லாத சட்டையில் அண்ணனைப் பார்த்திராத நண்பர்களுக்கு அது வேறு யாரோ போலத் தோன்றலாம். அடுத்து இந்தப் பக்கத்தைப் புரட்டி, பொறுமைசாலி, புன்னகை மாறாதவர், எவருக்கும் தீங்கு நினையாதவர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றை எழுத நான் தேவையில்லை. அச்சகத்திலேயே தயாராக வைத்திருக்கிறார்கள். சென்ற மாதம் வேறொருவருக்குப் போட்டதில் படத்தை மாற்றினால் முடிந்தது.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு பாட்டில்.

பதினாறாம் நாள் காரியத்தன்று மந்தைவெளி வீட்டுக் கூடத்தில் அண்ணன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படையல் வைத்திருந்தார்கள். வடை, பாயசம், கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல். இலையின் வலது பக்கத்தில், தண்ணீர்ச் சொம்பை ஒட்டி, ஒரு குவார்ட்டர் பிராந்தி பாட்டில். மூடி திறந்து வைத்திருந்தது. போனவருக்குப் பிடித்ததைப் படைப்பது நம் வழக்கம். வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்கு இது. வழக்கத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அண்ணன் குடித்ததில்லை என்பதுதான் குறை.

"யார் வெச்சது இது?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா வெச்சேன்," என்றார் மாமா. மாமா என்று இங்கே நான் எழுதுவது என் அக்காவின் கணவரை. தியாகராய நகரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தின் எல்லா நல்லது கெட்டதுக்கும் முன்னால் நிற்பவர். "அவன் இருக்கும்போது நாலு பேர் முன்னாடி திட்டிட்டேன். போன அப்புறமாவது அவனுக்குப் புடிச்சதைக் குடுப்போமே. ஆத்மா அலையக் கூடாது பாரு."

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். "படையல்ல கை வெக்கிறா பாரு, படிச்சவ" என்று ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் இந்த மலர் ஒன்று அனுப்பியிருக்கிறோம்.

அண்ணன் பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்புறம் இருந்த ஒண்டுக்குடித்தன வீடொன்றில். அப்பா ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். அக்கா, அண்ணன், நான் என்று மூன்று பேர். வீட்டில் பம்ப் ஸ்டவ் ஒன்று இருந்தது. அது அடைத்துக்கொள்ளாத நாள் அபூர்வம். அம்மா அதன் நிப்பிளைக் கழற்றி, சன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, ஊசியால் குத்தி, வாயில் வைத்து 'ஃபூ' என்று ஊதுவார். காற்று தங்குதடையில்லாமல் போனால் அன்றைக்கு நேரத்தில் சாப்பாடு. கொஞ்ச நாளில் அந்த வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஊதிப் பார்த்தே, "அம்மா, இன்னும் ஒரு தூசி இருக்கு" என்று சொல்வார். குத்தினால் இருக்கும்.

இதை ஏதோ இனிய நினைவு என்று நான் எழுதவில்லை. அந்த 'ஃபூ'தான் பின்னால் வரப்போகிறது.

பள்ளியில் அண்ணனுக்கு அறிவியல் வரவில்லை. எனக்கு அது மட்டும்தான் வந்தது. அவர் பத்தாம் வகுப்போடு அடையாறில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். நான் வேதியியல் படித்து, தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் எரிபொருள் சோதனைப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். எந்தத் திரவம் எந்த வெப்பத்தில் தீப்பிடிக்கும், எதில் எது கலந்திருக்கிறது, எதை எந்தப் பாத்திரத்தில் வைக்க வேண்டும், மூடியின் மேல் என்ன எழுத வேண்டும் என்பவை என் பிழைப்பாக இருந்தன. என் பேச்சில் விதிமுறைகள் அதிகம் என்று உறவினர்கள் குறைப்படுவதுண்டு. விதிமுறைகள் குறைவாக இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அண்ணன் பிறகு மந்தைவெளியில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டார். அகலம் குறைவான, நீளமான இடம். முன்னால் ஷட்டர், பின்னால் சுவர், வேறு காற்று வழி கிடையாது. மொபெட், ஸ்கூட்டர், பழைய பைக்குகள், கல்யாண மண்டப ஜெனரேட்டர்கள், கரும்புச்சாறு வண்டியின் இன்ஜின், பட்டினப்பாக்கத்துப் படகு இன்ஜின்கள் எல்லாம் அங்கே வரும். வேறு எங்கும் கிளம்பாத இன்ஜின் அண்ணனிடம் கிளம்பும் என்று பெயர். காரணம் எளியது. சிறிய இன்ஜின்களில் பாதி நோய், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்பரேட்டரில் இருக்கிறது. கார்பரேட்டர் நோயில் பாதி, அதற்குள் இருக்கும் ஜெட் என்ற பித்தளைத் துண்டின் ஓட்டையில் இருக்கிறது. அந்த ஓட்டை ஊசிமுனையைவிடச் சிறியது. அதைச் சரியாகச் சுத்தம் செய்தால் வண்டி ஓடும்.

எதில் கழுவிச் சுத்தம் செய்வது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் ஆயுள் முழுவதும் சண்டை.

மற்ற எல்லாப் பட்டறைகளையும் போல அண்ணனும் பெட்ரோலில் கழுவினார். அகலமான பழைய எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி, அதில் பெட்ரோல் ஊற்றி, வெறுங்கையை முழங்கை வரை விட்டு, பிரஷ்ஷால் தேய்ப்பார். கழுவிய ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு உதட்டில் வைத்து 'ஃபூ'.

நான் பட்டறைக்குள் நுழையும்போதே எதிர்க்கடை உதிரிபாகக்காரர் குரல் கொடுப்பார். "நைனா, தங்கச்சி வந்துகினு கீது. பெட்ரோல் டப்பாவ ஒளிச்சு வை!"

"ஒளிச்சா மட்டும் விட்டுருவாளா? மூக்கு இருக்கே," என்பார் அண்ணன்.

"அண்ணா, பெட்ரோல் கழுவுற சாமான் இல்ல. எரிக்கிற சாமான். அதோட ஆவி தரையிலேயே படுத்துக்கிட்டு நெருப்பைத் தேடிப் போகும். நீ எதிர்ல பீடி பத்த வெக்கிறவனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

"சீக்கிரம் காயுதும்மா. கழுவினேன், மாட்டினேன், அனுப்பினேன். கிருஷ்ணாயில்ல கழுவினா நாளைக்கும் பிசுபிசுன்னு இருக்கும்."

"இருக்கட்டும். துடைச்சுட்டு வெயில்ல வை. பெட்ரோல்ல பென்சீன் இருக்கு. ரத்தத்துக்கு ஆகாது."

"ஊர்ல எல்லா மெக்கானிக்கும் அதுலதான் கழுவுறான். எல்லாம் செத்தா போயிட்டான்?"

இந்தக் கேள்வியை என் ஆய்வுக்கூடத்தில் ஓர் அதிகாரியும் ஒருமுறை கேட்டார். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொதுவான கேள்வி. செத்தவர்களிடம் யாரும் எதில் கழுவினாய் என்று விசாரிப்பதில்லை என்பதால், பதில் எப்போதும் இல்லை என்றே வரும்.

ஆனால் அண்ணன் பிடிவாதக்காரர் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். மண்ணும் கிரீஸும் படிந்த பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்தார். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய். ரேஷனில் அது கிடைப்பது குறைந்தபோது டீசல். கழுவும் தட்டுக்கு மூடி செய்தார். நான் வாங்கிக் கொடுத்த கையுறையை மாட்டினார். முதலில் அது ஆஸ்பத்திரிக் கையுறை, பெட்ரோலில் பிய்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. "உன் சட்டம் என் கையில கரையுதும்மா," என்று காட்டிச் சிரித்தார். பிறகு எண்ணெய் தாங்கும் நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றை மட்டும் விடவில்லை. வாயால் ஊதுவதை.

ஆணியில் சைக்கிள் பம்ப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து ஜெட்டின் முனையில் வைத்து இரண்டு அடி அடித்தால் போதும். "அண்ணா, அந்த பம்ப் என்ன சாமி படமா? தொடவே மாட்டேங்கிற?" என்று கேட்டேன்.

"பம்ப்புக்கு உதடு இல்லையேம்மா," என்றார். "காத்து எவ்வளவு தாராளமா போகுது, எங்க திணறுதுன்னு பம்ப்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அது பொய்யில்லை, உண்மையாகவே தெரியும். அதனால்தான் என்னால் அவரை வெல்ல முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு 'ஃபூ'வுக்கும் முன்னால் ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். உதட்டிலிருந்தது நாக்குக்கு வரும். மாலையில் கடையை மூடியதும் அண்ணன் முதலில் வாய் கொப்புளிப்பார், பிறகு தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு பன்னீர் சோடா குடிப்பார். பெட்ரோல் ருசி போக வேண்டுமாம். அந்த ஒரு பாட்டிலைத் தவிர அவர் வாழ்நாளில் வேறு எந்தப் பாட்டிலையும் அண்ணாந்து குடித்ததில்லை. பெட்டிக்கடைக்காரர் இன்றும் இருக்கிறார். கேட்டுக்கொள்ளலாம்.

ஊரடங்கு முடிந்ததும் பட்டறைக்கு வண்டிகள் வரிசை கட்டின. மாதக்கணக்கில் நின்றுபோன வண்டிகள். டாங்கிலும் கார்பரேட்டரிலும் இருந்த பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் போலக் காய்ந்து, ஜெட்டின் ஓட்டைகளை அடைத்திருந்தது. சோப்புத் தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் அந்தப் பிசின் அசையாது. அதற்கென்று கார்பரேட்டர் ஸ்பிரே விற்கிறது. குழலை ஓட்டையில் வைத்து அடித்தால் பிசின் கரைந்து ஓடும். அண்ணன் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். வந்து குவிந்த வண்டிகளுக்கு அது போதவில்லை. அப்போது யாரோ ஒருவர் கேனில் தின்னர் கொண்டுவந்து கொடுத்தார். பெயின்ட் கரைக்கிற தின்னர். அதிலும் ஒழுங்கான நிறுவனத்தின் தின்னர் இல்லை. கேனில் பெயர் கிடையாது, என்ன கலந்திருக்கிறது என்ற குறிப்பு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்படியொரு கேன் வாசல் தாண்டி உள்ளே வராது. பட்டறைகளுக்கு அது தாராளமாக வரும், ஏனென்றால் வாசலில் கேட்க ஆள் இல்லை.

தின்னர் பிசினைக் கரைக்கும். கூடவே ரப்பர் வாஷரை ஊத வைக்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அடைத்த அறையில் வேலை செய்பவருக்குத் தலை சுற்றும், நாக்கு குழறும், கண் சிவக்கும், கால் பின்னும். குடித்தவருக்கு என்னென்ன ஆகுமோ அத்தனையும் ஆகும்.

இப்படியிருக்கும்போதுதான் மாமாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தியாகராய நகரில் மண்டபம். பெண்ணுக்கு அண்ணன்தான் தாய்மாமன். முதல் தட்டு அவர் கையால்தான் மேடைக்குப் போக வேண்டும். அன்று காலையில் படகு இன்ஜின்கள் வந்து நின்றன. மீனவர்கள் மறுநாள் கடலுக்குப் போயாக வேண்டும் என்றார்கள். வெளியில் நல்ல மழை. சாரல் அடிக்கிறது என்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து தின்னரில் கார்பரேட்டர்களைக் கழுவி, ஜெட்டுகளை ஊதி, வேலையை முடித்து, குளித்து, பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

நான் அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளை வீட்டாரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேடைப் படியேறும்போது அண்ணன் தள்ளாடியிருக்கிறார். தட்டு சரிந்து, தேங்காயும் பழமும் உருண்டு சம்பந்தி அம்மாளின் காலடிக்குப் போயிருக்கின்றன. தாங்கிப் பிடித்த மாமாவின் முகத்துக்கு நேராக அண்ணன் ஏதோ குழறியிருக்கிறார். வாயிலிருந்து வாடை.

"என் பொண்ணு நிச்சயத்துக்கே குடிச்சிட்டு வந்திருக்கான்டா!" இது மேடையில், மைக்குக்குப் பக்கத்தில் நின்று மாமா சொன்னது. மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டதாகச் சொன்னார்கள்.

அண்ணனை ஆட்டோவில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய் அவர் வாயருகே மூக்கைக் கொண்டுபோனேன். ஒரு நொடி போதுமாயிருந்தது. திரும்பி வந்து மாமாவிடம், "மாமா, இது சாராய வாடை இல்ல. தின்னர்," என்றேன்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. இப்ப தின்னரையா குடிக்கிறான்?"

பக்கத்திலிருந்த நாலைந்து பேர் 'ச்சு' கொட்டினார்கள். சாராயம் கட்டுப்படியாகாதவர்கள் இப்போதெல்லாம் அதைத்தான் குடிக்கிறார்களாம் என்று ஒரு சித்தப்பா விளக்கம் சொன்னார். என் பட்டமும் பணிக்காலமும் அந்த விளக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை. முதல் தட்டை ஒரு தூரத்துப் பங்காளி எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் அண்ணன் அந்தக் கேனை, அதைக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்பினார். கழுவும் மேசையைப் பின்சுவரிலிருந்து பெயர்த்து ஷட்டருக்கு வெளியே கொண்டுவந்தார். ஆணியிலிருந்த சைக்கிள் பம்ப்பை இறக்கினார். அன்றிலிருந்து வாயால் ஊதவில்லை. "உதடு சொல்றதைக் கேட்டது போதும்மா," என்றார். ஆனால் மாமா குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்த எந்த விசேஷத்துக்கும் அவர் போகவில்லை. அழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 'வந்தா ஒழுங்கா வரச் சொல்லு' என்று அண்ணியிடம் சொல்லி அழைத்தார்கள்.

பிறகு அண்ணனுக்கு அசதி வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். ஸ்பேனர் லேசாகப் பட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. ஒருநாள் பட்டறையிலேயே சரிந்துவிட்டார். நான் அப்போது மகள் வீட்டுக்குக் கோவை போயிருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எதிர்க்கடை உதிரிபாகக்காரர். பெரியவராக வந்து முன்னால் நின்றவர் மாமா.

பணியிலிருந்த டாக்டர், "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். மாமா, "ரொம்ப வருஷமா உண்டு டாக்டர். தினமும். மறைக்காமச் சொல்லிடறேன், அப்பத்தான் நீங்க சரியா வைத்தியம் பார்க்க முடியும்," என்று பதில் சொல்லியிருக்கிறார்.

"இல்லைங்க, அவர் குடிக்க மாட்டாரு," என்று அண்ணி சொன்னார். "எல்லா வீட்டம்மாவும் இதைத்தாம்மா சொல்வாங்க," என்றாராம் டாக்டர், இரக்கத்தோடு.

அந்த இடத்தில் என் அண்ணனின் நோய்க்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. ரத்தம் குறைந்திருக்கிறதா? குடி. தட்டணுக்கள் குறைவா? குடி. கன்றிப் போகிறதா? கல்லீரல், அதாவது குடி. நான் ஊர் திரும்பி ஓடிப்போய் பெட்ரோல், பென்சீன், தின்னர் என்று சொன்னேன். "நீங்க டாக்டரா மேடம்?" என்றார்கள். வேதியியல் என்றேன். "ஓ," என்றார்கள். நாட்கள் வாரங்களாயின. கல்லீரலுக்கு மருந்து போய்க்கொண்டிருந்தது. தினமும் ஒருவர் வந்து குடியை நிறுத்துவதன் நன்மைகளை அண்ணனுக்கு எடுத்துச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். "நல்லாத்தான் பேசறாரும்மா. குடிச்சிருந்தா இன்னிக்கே விட்டிருப்பேன்," என்று என்னிடம் சொன்னார்.

ரத்தநோய்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தது பிறகுதான். கட்டிலில் தொங்கிய குறிப்புகளைப் படித்தார். படித்துவிட்டு மூடி வைத்துவிட்டு, "என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"மெக்கானிக்கும்மா. கார்பரேட்டர் வேலை."

"எதுல கழுவுவீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அத்தனை சோர்விலும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் கேள்வியைக் கேக்க ஊர்ல இன்னொரு ஆளும் இருக்காங்கம்மா," என்றார்.

எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். ரத்தம் ஊற வேண்டிய இடம் வறண்டு போயிருந்தது. அந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வேலையை முதல்லயே கேட்டிருந்தா இந்தச் சோதனையை முதல் வாரமே செஞ்சிருப்போம். இப்ப தொற்று வந்துடுச்சு," என்றார். அவர் ஒன்றையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். முதல் வாரம் பார்த்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பார் என்று நான் எழுதவில்லை. பார்த்திருக்கலாம் என்று எழுதுகிறேன்.

கடைசி நாட்களில் அண்ணனுக்குப் பேசுவதே சிரமம். ஒரு பிற்பகல், அண்ணி வெளியே போயிருந்தபோது, என்னை அருகில் வரச் சொன்னார். "நான் போறதைப் பத்தி ஒண்ணுமில்லம்மா. குடிச்சே போயிட்டான்னு சொல்வாங்க. என் பொண்ணு, அவ மாமியார் வீடு, எல்லார் காதிலயும் விழும். அதை மட்டும் பார்த்துக்க." அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

பதினாறாம் நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அண்ணன் படுத்திருந்த நாட்களில் தினமும் காலையில் தியாகராய நகரிலிருந்து இட்லி கொண்டுவந்தது அவர்தான். ஊட்டியும் விட்டார். பாட்டிலை வைத்ததும் அன்பால்தான். அவருடைய அன்பில் நான் எந்தக் குறையும் காணவில்லை. ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். மைத்துனனின் தோளில் கை போட்டு, 'என்னடா, குடிக்கிறியா?' என்று. மேடையில் அறிவிக்க நேரம் இருந்தது, டாக்டரிடம் சொல்ல நேரம் இருந்தது, கடைக்குப் போய்ப் பாட்டில் வாங்க நேரம் இருந்தது. கேட்க இல்லை. அவரை மட்டும் சொல்வதற்கும் இல்லை. ஒலிபெருக்கியில் கேட்டதை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போன எல்லோரும் இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். மெக்கானிக் என்றால் குடிப்பான் என்பதற்கு உங்களுக்குச் சோதனை எதுவும் தேவைப்படவில்லை. நான் என் பணிக்காலத்தில் ஒரு புட்டி மண்ணெண்ணெயைக்கூட மோந்து மட்டும் பார்த்து முடிவு எழுதியதில்லை.

இந்த மலர் பட்டறை நண்பர்களுக்கும் போகிறது. அவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்பரேட்டரைக் கழற்றியதும் ரப்பர் வாஷர், டயாஃப்ரம், ஃப்ளோட் எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். வெளி அழுக்குக்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெயோ டீசலோ, மூடி போட்ட தட்டில். அதுவும் நெருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். காய்ந்த பிசினுக்கு மட்டும் கார்பரேட்டர் ஸ்பிரே, வெட்டவெளியில், கண்ணாடி போட்டுக்கொண்டு. கழிப்பறை ஆசிட்டை வெள்ளை உலோகத்தில் ஊற்றாதீர்கள், அது அழுக்கோடு கார்பரேட்டரையும் தின்றுவிடும். பெட்ரோலை வண்டிக்கு ஊற்றுங்கள், கையில் ஊற்றிக்கொள்ளாதீர்கள். பெயர் எழுதாத கேனை யார் கொடுத்தாலும், எவ்வளவு வேலை காத்திருந்தாலும், வாங்காதீர்கள். மழை பெய்தால் வேலையை நிறுத்துங்கள், ஷட்டரை இறக்காதீர்கள். ஜெட்டைப் பம்ப்பால் ஊதுங்கள். உதடு உங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்கு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணனைத் தோளில் சுமந்து ஆட்டோவில் ஏற்றிய எதிர்க்கடைக்காரர். "நைனா ஒருநாளு கூட நம்ம கூட ஒரு சொட்டு ஊத்திக்கினதில்லம்மா, கோயில்ல வந்து சொல்றேன்" என்று, நான் கோவையிலிருந்து வந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் போட்ட சத்தம் எனக்கு மறக்காது. அதை யாரும் கேட்கவில்லை, நான் கேட்டேன். ரத்தம் கொடுக்கப் பட்டினப்பாக்கத்திலிருந்து கடலுக்குப் போகாமல் வந்து வரிசையில் நின்ற மீனவர்கள். என்ன வேலை என்று கேட்ட அந்த டாக்டர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணி. அக்கா. இட்லிக்காக மாமா.

அச்சுக்குப் போகும் முன் இதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் அச்சிடுவது முறையில்லை. தாள்களை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மேடையில சொன்னதை எடுத்துடேம்மா. ஊர் சிரிக்கும்," என்றார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி சொன்னார். பதினாறாம் நாள் பேசாதவர் அன்று பேசினார்: "அன்னிக்கு ஊர் சிரிச்சுதே அண்ணா. அப்ப அவரு அதை எடுக்கச் சொல்லலையே."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அப்படியே போடு," என்றார்.

வருகிற ஆண்டுத் திதிப் படையலிலும் அண்ணன் படத்துக்கு முன்னால் ஒரு பாட்டில் இருக்கும். தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கிய பன்னீர் சோடா. அதை மூடியோடுதான் கொண்டுவந்து வைக்கப் போகிறோம். எல்லோர் முன்னிலையிலும் மாமாதான் அதைத் திறக்க வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார். மாமாவும் சம்மதித்திருக்கிறார். திறந்ததும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வையுங்கள் என்று மட்டும் நான் சொல்லியிருக்கிறேன்.

அனைவரும் வந்திருந்து சிறப்பிக்க வேண்டும்.

அன்புத் தங்கை
கே.கே. நகர்